கோவில்பட்டியில் வரைந்த சாமிகள்

மீனாட்சி திருக்கல்யாணம் என்று சொன்னதும் தமிழர்களில் பெரும்பாலோர் மனத்தில் ஒரே படம்தான் வந்து நிற்கும். நாணித் தலைகுனிந்த பச்சை நிற மணப்பெண். அவள் கையைப் பற்றும் சொக்கநாதர். தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் பெருமாள். கல்யாணப் பத்திரிகையில், படக்கடையில், ஓட்டல் கல்லாவுக்கு மேலே, பாட்டி வீட்டுப் பூசையறையில் என்று எங்கே பார்த்தாலும் ஏறக்குறைய அதே நிற்கும் தோரணை, அதே முகங்கள்.

இந்தக் காட்சியின் வேர் மதுரைக் கோயிலின் கம்பத்தடி மண்டபத்தில் இருக்கிறது. அங்கே தூணில் இந்தத் திருமணம் கல்லில் நடக்கிறது. அந்தக் கல்லுக்கு உடலின் நிறமும், பட்டின் மினுமினுப்பும், நகையின் ஒளியும் ஏற்றி வீட்டுச் சுவருக்கு அனுப்பிவைத்தவர்களில் முதன்மையானவர்கள் கோவில்பட்டி என்ற கரிசல் ஊரில் வாழ்ந்த ஓவியர்கள். அவர்களுக்குக் குரு சி. கொண்டையராஜு. 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். தமிழகத்தில் அவர் வரைந்ததைப் பார்க்காதவர் அரிது. அவர் பெயரைக் கேட்டிருப்பவரும் அரிது.

தூத்துக்குடிக் கடற்கரையில் திரேஸ்புரத்திலிருந்து வடமேற்கே நிலத்துக்குள் போனால் உப்பளம் முடிந்து, பனை முடிந்து, மண் கறுக்கத் தொடங்கும். சுமார் 60 கிலோமீட்டரில் கோவில்பட்டி. 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரிக்கப்படும் வரை இது திருநெல்வேலி மாவட்டத்து ஊர். பருத்தி விளையும் கரிசல், 1891-லேயே தொடங்கிய பஞ்சாலை, ரயில் நிலையம், தீப்பெட்டித் தொழிற்சாலைகள், கடலைமிட்டாய் என்று ஊருக்கு அடையாளங்கள் பல. கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. உலகின் பல நாட்டு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த சாமி படங்களுக்கு மட்டும் இந்த ஊரின் பெயர் இன்னும் ஒட்டவில்லை.

கலைப்பள்ளி, ஆசிரமம், நாடகம்

கொண்டையராஜு சென்னைக்காரர். தஞ்சாவூர்ப் பாணி ஓவியத்தை வளர்த்த மரபினரில் முக்கியமானவர்களான ராஜுக்கள் சமூகத்தில் பிறந்தவர். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-ல் தொடங்கிய சென்னை கலைப்பள்ளியில் முறையாக ஓவியம் படித்தார். உடலமைப்பு, ஒளிநிழல், தூரத்துப் பொருளைச் சிறியதாகக் காட்டும் கணக்கு என்று ஐரோப்பிய முறையின் அடிப்படைகளெல்லாம் அங்கே கிடைத்தன. ஆனால் படித்து முடித்தவர் அரசு உத்தியோகமோ செல்வர்களின் ஆதரவோ தேடிப் போய் அங்கேயே நிலைத்துவிடவில்லை. திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார். துறவு மனம் அவரிடம் கடைசிவரை இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேட்டியும் எளிய சாப்பாடும் சீடர்களுமே அவருடைய குடும்பம்.

பிழைப்புக்கு வழிகாட்டியது நாடகம். அந்தக் காலத்து நாடகக் கம்பெனி என்பது நடமாடும் ஊர். நடிகர்கள், வாத்தியார், பின்பாட்டு, ஆர்மோனியம், சமையல்காரர், தையற்காரர், தச்சர் எல்லோரும் சேர்ந்தே ஊர் ஊராகப் போவார்கள். சீன் வரைகிற ஓவியரும் அவர்களோடு போவார். கம்பெனி வைத்திருந்த மூலதனத்தில் பெரும்பகுதி அந்தத் திரைகள்தான். தர்பார் சீன், தெரு சீன், நந்தவன சீன், காட்டு சீன், கைலாய சீன் என்று சுருள் சுருளாக இருக்கும். திரை விழுந்ததும் ஜனம் வாய்பிளக்க வேண்டும்; கடைசி வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருப்பவனுக்கும் மலையும் அருவியும் தெரிய வேண்டும். அதற்கு ஏற்ற கோடும் நிறமும் ஓவியருக்குக் கைவர வேண்டும்.

தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடிக்கு அருகேயுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவர் எழுதிய நாடகங்களும், அவர் வழிவந்த பாலர் கம்பெனிகளும் தென்மாவட்டங்களில் ஒரு ரசனையை ஊன்றியிருந்தன. வள்ளி திருமணத்தில் முருகன் எப்படி நிற்பான், எந்த நிறத்தில் உடுத்துவான் என்பது ஜனங்களுக்குப் பாடமாகத் தெரிந்திருந்த காலம் அது. அந்த ரசனைக்காகத்தான் கொண்டையராஜு திரை வரைந்தார்.

1940-களின் தொடக்கத்தில் அவர் வேலைபார்த்த கம்பெனி கோவில்பட்டிக்கு வந்தது. வந்த இடத்தில் கலைந்தது. போர்க்காலம், பேசும் படம் வந்து பத்தாண்டு ஆகிவிட்டது, நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. நடிகர்கள் பிரிந்தார்கள். ஓவியரும், ஓவியரை ஒட்டியிருந்த இளைஞர்களும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார்கள். கடை முதலாளிகளுக்கு உருவப்படம், கோயிலுக்குச் சாமி படம் என்று வேலை கிடைத்தது. தேவி ஆர்ட் ஸ்டுடியோ அப்படி உருவானது.

தீப்பெட்டி ஒட்டுச்சீட்டிலிருந்து காலண்டருக்கு

ஓவியர்கள் தங்கிய இடம் அவர்களுக்கே தெரியாமல் ஒரு பெரிய தொழிலின் வாசலாக அமைந்துவிட்டது. பக்கத்திலேயே சிவகாசி.

சிவகாசியின் கதை தமிழர்கள் பலரும் கேட்டதுதான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு ஒட்டுச்சீட்டு வேண்டும். ஒட்டுச்சீட்டுக்கு அச்சகம் வேண்டும். மான், மயில், வாள், சாவி என்று உள்ளங்கைக்குள் அடங்கும் படங்களை அடிக்கத் தொடங்கிய அச்சகங்கள் மெல்லப் பெரிய தாளுக்கு வந்தன. கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்து வீடுகளில் பெண்கள் மடியில் கட்டுக்கட்டாக வைத்துப் பெட்டியில் ஒட்டிய அந்தச் சீட்டுகள்தான் இந்த வட்டாரத்தின் முதல் வண்ணப்பட வெள்ளம்.

அதற்கு முன்பு அச்சிட்ட சாமி படம் என்றால் வெளியூர்ச் சரக்கு. ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் ஜெர்மானிய இயந்திரமும் ஜெர்மானிய வல்லுநர்களும் இருந்தார்கள். ஜெர்மனியிலேயே அச்சாகிக் கப்பலில் வந்த படங்களும் சந்தையில் உண்டு. இரண்டாம் உலகப் போர் அந்தக் கப்பல் வழியை அடைத்தது. போர் ஓய்ந்து நாடு விடுதலை பெற்றபோது, உள்ளூரில் அச்சிடும் திறன் சிவகாசியில் தயாராக இருந்தது. வரைந்து கொடுக்கும் கை பக்கத்து ஊரில் இருந்தது.

இரண்டையும் சேர்த்தது காலண்டர். துணிக்கடை, நகைக்கடை, காப்பித்தூள் கடை, மூக்குப்பொடிக் கம்பெனி, பீடிக் கம்பெனி எல்லோரும் வருஷப் பிறப்புக்கு வாடிக்கையாளருக்கு ஒன்று கொடுத்தார்கள். மேலே சாமி, கீழே கடையின் பெயர், அதற்கும் கீழே தேதி கிழிக்கும் தாள்கள். ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசிக் காலண்டர்க்காரர்கள் அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை வெளியிடுவது இன்றும் நடக்கும் வழக்கம். அந்த ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஏஜெண்டுகள் ஊர் ஊராகக் கிளம்புவார்கள். கடைக்காரர் புரட்டிப் பார்த்து, "இந்த முருகன் இருக்கட்டும், ஐந்நூறு போடுங்க" என்பார். ஆக எந்த ஓவியம் நிற்கும், எது உதிரும் என்று தீர்ப்புச் சொன்னது பஜாரும் வீடும்தான்.

இதன் விளைவு பெரியது. டிசம்பர் 31-ம் தேதியோடு காலண்டரின் வேலை முடிந்துவிடும். படத்தின் வேலை முடியாது. வீட்டுப் பெண்கள் தேதிக்கட்டை எடுத்துவிட்டு, கடைப் பெயர் இருந்த பகுதியைக் கத்தரித்து, கண்ணாடி போடக் கொடுப்பார்கள். சந்தனப் பொட்டு வைத்த பிறகு அது விளம்பரம் இல்லை, தெய்வம். எந்த வருஷத்துப் படம் பூசையறைக்குள் போக வேண்டும் என்பதை அநேக வீடுகளில் முடிவுசெய்தவர்கள் அவர்களே. தமிழகத்தின் மிகப்பெரிய ஓவியத் தேர்வுக்குழு அது.

இரண்டு கையெழுத்துகள்

பழைய காலண்டர் படத்தின் கீழ் ஓரத்தை உற்றுப் பார்த்தால் சில படங்களில் ஒரு விஷயம் கண்ணில் படும். குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். கொண்டையராஜுவும் டி.எஸ். சுப்பையாவும், கொண்டையராஜுவும் எம். ராமலிங்கமும். டி.எஸ். அருணாசலம் போன்ற மற்ற சீடர்களும் இந்தப் பட்டறையிலிருந்து பெயர்பெற்றவர்கள்.

ஓவிய உலகில் கையெழுத்து என்பது உரிமைப் பத்திரம். இன்னாருடையது என்று உறுதியானால்தான் விலை. கோவில்பட்டியில் அது பங்கிடப்பட்டது. ஒருவர் முகத்தை எழுதுவார். இன்னொருவர் நகை, பட்டு, பூமாலை. பின்னணி மலையும் தடாகமும் வேறொருவர் பொறுப்பாக இருக்கலாம். கோயில் ஸ்தபதிகளின் பட்டறையிலும் தஞ்சாவூர் ஓவியர் வீட்டிலும் இருந்த பழைய வேலைமுறைதான். புதுமை எங்கே என்றால், அந்த முறையை நவீன அச்சுத்தொழிலின் வேகத்துக்குக் கொண்டுவந்ததிலும், சீடனின் பெயரை மறைக்காமல் தாளிலேயே அச்சாக விட்டதிலும் இருக்கிறது. வருஷந்தோறும் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகிற தாளில் தன் பெயருக்குப் பக்கத்தில் மாணவனின் பெயரையும் எழுதிக் கொடுக்கிற ஆசிரியர்கள் எத்தனை பேர்?

சீடர்கள் ஓவியத்தோடு போட்டோ ஸ்டுடியோ வேலையும் பார்த்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் தீட்டுவது, சிறு போட்டோவைப் பெரிதாக்கி இறந்தவரின் உருவப்படமாக மாற்றுவது, ஸ்டுடியோ பின்திரை வரைவது எல்லாம் அந்தத் தொழிலில் அடக்கம். அந்தப் பழக்கம் சாமி படத்திலும் தெரியும். கன்னத்தில் படரும் மென்மையான நிழல், கண்ணில் விழும் ஒரு வெளிச்சப் புள்ளி, புன்னகையை ஒரு நூலிழை அளவுக்கு நிறுத்தும் உதடு ஆகிய மூன்றும் கேமராவோடு பழகியவர்களுடைய கைவேலை.

அச்சகத்துக்கு ஏற்றபடி வரைவதும் ஒரு கல்வி. கல் அச்சுக் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். அச்சகத்து ஓவியர் மூலப்படத்தைப் பார்த்து, எந்த இடத்தில் எவ்வளவு மஞ்சள், எவ்வளவு சிவப்பு என்று கண்ணாலேயே பிரித்துப் புள்ளி வைப்பார். மங்கலாக வரைந்தால் அச்சில் கலங்கிவிடும். தெளிவான விளிம்பு, கொழிக்கும் நிறம், ஒளிவிடும் நகை ஆகியவை கோவில்பட்டிப் பாணியின் லட்சணங்களாக நிலைத்ததற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

நம்மைப் பார்க்கும் கண்கள்

ரவிவர்மாவையும் கொண்டையராஜுவையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுவது வழக்கம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்.

ரவிவர்மாவின் பெரிய ஓவியங்களில் ஒரு கதை நடக்கிறது. சகுந்தலை காலில் முள் தைத்ததுபோல் திரும்பிப் பார்க்கிறாள்; தமயந்தி அன்னத்தோடு பேசுகிறாள். அவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை. ஒரு அந்தரங்கக் காட்சியை நாம் எட்டிப் பார்க்கிறோம். கோவில்பட்டிப் படத்தில் முருகன் நேராக நம்மைப் பார்க்கிறான். பாதம் தெரிய நிற்கிறான். வேல், மயில், சேவற்கொடி எதுவும் குறையவில்லை. அலங்காரம் முடிந்து திரை விலகும் நேரத்தில் கருவறையிலோ, வீதியுலாவின்போது உற்சவரிலோ நாம் காணும் நேர்முகம் அது. தரிசனம் என்று தமிழர் எதைச் சொல்கிறார்களோ அதையே கொண்டையராஜு ஓவியத்தின் இலக்கணமாக எடுத்துக்கொண்டார்.

பின்னணியோ நாடகத்திலிருந்து வந்தது. பனிமலை, அல்லிக் குளம், தூரத்துக் கோபுரம், மேகத்தைப் பிளந்து வரும் கதிர் எல்லாம் கைலாய சீனும் நந்தவன சீனும் வரைந்த கையிலிருந்து பிறந்தவை. உருவத்தின் இலக்கணம் கோயிலுடையது. எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம், எந்த நிறம் என்பதில் தவறிருக்காது. உடலின் கனம் கலைப்பள்ளியில் கற்றது. முகத்தின் மென்மை போட்டோ ஸ்டுடியோவுடையது. ஒரே தாளில் நான்கு பள்ளிகள். இவை ஒன்றோடொன்று மோதாமல் ஒரே முகமாக இணங்கியதுதான் அந்தப் பட்டறையின் சாதனை.

இந்த முகங்கள் எவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டன என்றால், அவற்றை ஒருவர் உட்கார்ந்து வரைந்தார் என்ற நினைப்பே வருவதில்லை. திருவள்ளுவருக்கும் அப்படித்தான் நடந்தது. வேணுகோபால் சர்மா வரைந்த வள்ளுவர் படம் 1964-ல் சட்டப்பேரவையில் திறந்துவைக்கப்பட்டது. இன்று வள்ளுவரை வேறு முகத்தோடு நினைக்க முடிகிறதா?

அடைத்த கதவும் திறந்த சுவரும்

சாமி படத்தை அலங்காரப் பொருளாக எண்ணுகிறவர்கள் ஒரு வரலாற்றை நினைவில் வைக்க வேண்டும். இந்தப் படங்கள் பெருகத் தொடங்கியபோது, இந்த மண்ணின் உழைக்கும் ஜனங்களில் பெரும்பகுதியினர் கோயிலுக்குள் போய்ச் சாமியை நேரில் பார்க்கும் உரிமை பெற்றுச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

1897-ல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காக வழக்குப் போடப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கில் 1908-ல் வந்த தீர்ப்பும் அவர்களுக்கு எதிராகவே இருந்தது. இடையில் 1899-ல் சிவகாசி கலவரத்தில் எரிந்தது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத அய்யர் தலைமையில் தலித்துகளும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சி சன்னதிக்குள் நுழைந்தார்கள். அதன்பிறகே சட்டத்தின் கதவு மெல்லத் திறந்தது.

எந்தச் சமூகத்தைக் கோயில் வாசலில் தடுத்தார்களோ, அந்தச் சமூகத்து முதலாளிகளின் அச்சகங்களிலிருந்துதான் அடுத்த தலைமுறையில் மீனாட்சியும் முருகனும் நாடெங்கும் போனார்கள். கோயிலில் பூசகருக்கும் பக்தனுக்கும் நடுவில் எத்தனையோ படிகள். காலண்டரில் ஒரு ஆணிதான். குடிசையின் மண்சுவரில் மாட்டிய படத்துக்குப் பூ வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எந்த நேரத்திலும் கும்பிடலாம், எந்தச் சாதிக்காரரும் தொடலாம், தீட்டு என்று யாரும் விலக்க முடியாது. கோயில் நுழைவுப் போராட்டங்களின் வரலாற்றோடு சேர்த்தே காலண்டரின் வரலாற்றையும் எழுத வேண்டும்.

கடற்கரைக்கும் இந்த அச்சு எட்டியது. திரேஸ்புரம் போன்ற மீனவக் குடியிருப்புகளில் தேவாலயமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும். தூத்துக்குடிக்குப் பனிமய மாதாவின் சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து வந்ததாக மரபு. அப்படிப்பட்ட கரைக்கு முருகன் மட்டும் போதாது. வேளாங்கண்ணி மாதா, இயேசுவின் திரு இருதயம், மக்கா, மதீனா என்று சிவகாசி அச்சகங்கள் எல்லா மதத்துக்கும் படம் போட்டன. மூன்று மதத்துச் சாமியையும் ஒரே சட்டத்தில் சேர்த்த படத்தை இன்றும் ஆட்டோவிலும் டீக்கடையிலும் பார்க்கலாம். பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்கும், சினிமா பேனர் வரைந்தவர்களுக்கும், படகில் உருவம் தீட்டுகிறவர்களுக்கும் காசில்லாமல் கிடைத்த பாடப்புத்தகம் காலண்டர்.

கரிசலில் தங்கிய கலைகள்

ஒரு நாடகக் கம்பெனி கலைந்ததால் ஓவியர்கள் கிடைத்த கதை, கோவில்பட்டியில் தனியாக நிற்கவில்லை. இந்த வட்டாரத்தின் மண் அப்படி. மேற்கே கழுகுமலையில் பாண்டியர் காலத்து ஒற்றைக்கல் கோயிலான வெட்டுவான் கோயிலும் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்களும் இருக்கிறார்கள். காவடிச்சிந்துக்கு அண்ணாமலை ரெட்டியார் இலக்கியத் தகுதி வாங்கித் தந்ததும் அந்த மலை முருகனைப் பாடித்தான். கிழக்கே எட்டயபுரம், பாரதியார் 1882-ல் பிறந்த ஊர். பக்கத்து இடைசெவலில் ஒரே தெருவின் பிள்ளைகளாக வளர்ந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் சாகித்ய அகாதெமி விருதை இரண்டு முறை அந்தச் சிற்றூருக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு பூமணி 'அஞ்ஞாடி' நாவலுக்கும் சோ. தர்மன் 'சூல்' நாவலுக்கும் அதே விருதை வாங்கினார்கள். கவிஞர் தேவதச்சனின் நகைக்கடை இளம் எழுத்தாளர்கள் கூடிப் பேசும் இடமாக இருந்தது பல எழுத்தாளர்களின் நினைவுகளில் பதிவாகியிருக்கிறது.

நாடகத்தின் இழை அறுந்ததுபோல் தெரிந்த இடத்திலும் தொடர்ந்தது. கம்பெனி நாடகங்களுக்குப் பாட்டெழுதிப் புகழ்பெற்ற மதுரகவி பாஸ்கரதாஸின் பேரன்கள் மூவர்: எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன், 'கல்குதிரை' இதழை நடத்தும் கோணங்கி, 'மணல்மகுடி' நாடகக் குழுவை நடத்தும் முருகபூபதி. தாத்தாவின் நாட்குறிப்புகளைத் தொகுத்துப் புத்தகமாக்கியவர் முருகபூபதி. தென்மாவட்ட நாடகக் கம்பெனி என்ற ஒரே ஊற்றிலிருந்து ஒரு கிளை காலண்டருக்குப் போயிருக்கிறது, இன்னொன்று இன்றைய நவீன நாடகத்துக்கு வந்திருக்கிறது.

எழுத்தாளர்களைப் பற்றிப் பேசும்போது 'கரிசல் இலக்கியம்' என்று ஒரு பெயர் சொல்கிறோம். பல்கலைக்கழகங்களில் ஆய்வு நடக்கிறது. அதே தெருக்களில் அதே காலத்தில் வேலைசெய்த ஓவியர்களுக்கு அப்படி ஒரு இடம் தரப்படவில்லை.

இரண்டு சமூகங்கள், ஒரே பள்ளி

கொண்டையராஜு படித்த அதே சென்னை கலைப்பள்ளியில் பின்னாளில் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். அவருடைய முன்முயற்சியில் ஓவியர்களும் சிற்பிகளும் பாடிக் துணி முதலான கைவினைப் பொருட்களை விற்றுப் பணம் சேர்த்து, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். ஜெ. சுல்தான் அலி, கே. ராமானுஜம், எஸ்.ஜி. வாசுதேவ், எஸ். நந்தகோபால் என்று பெரிய பெயர்கள் அங்கிருந்து எழுந்தன. பெண்களுக்கும் அங்கே இடம் இருந்தது. பம்பாய் பார்சிக் குடும்பத்திலிருந்து வந்து சென்னையில் படித்த ஓவியர் அர்னவாஸ், சிற்பி அனிலா ஜேக்கப் ஆகியோர் அந்தக் கிராமத்தின் தொடக்ககால உறுப்பினர்கள். கோவில்பட்டிப் பட்டறையில் பெயர்பெற்றவர்கள் எல்லோரும் ஆண்களே. படத்தைத் தேர்ந்து வீட்டுக்குள் வைத்த பெண்களுக்கு, அதை வரையும் தூரிகை கிடைக்கவில்லை. இதையும் சேர்த்தே அந்தக் காலத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டு இடத்திலும் ஓவியர்கள் கூட்டாக வாழ்ந்து, தங்கள் கையுழைப்பின் வருமானத்திலேயே கலையைக் காப்பாற்றினார்கள். சோழமண்டலம் கலை வரலாற்றில் ஏறியது. அதற்கு அருங்காட்சியகமும் உண்டு. அந்தப் பெருமை அதற்கு முற்றிலும் உரியது. கோவில்பட்டி, 'காலண்டர் ஆர்ட்' என்ற சொல்லுக்குள் சிறைப்பட்டது. மலிவு, கண்ணைப் பறிக்கும் நிறம், ஒரே மாதிரி என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். லட்சம் பிரதி அச்சானதே குற்றமாகிவிட்டது.

இதைக் கவனித்துப் படித்தவர்கள் வெளிநாட்டவர். கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் இந்தப் பக்கம் வந்து கள ஆய்வு செய்து, கொண்டையராஜுவையும் சீடர்களையும் பற்றி எழுதினார். அவருடைய முக்கியமான கட்டுரை 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு தொகுப்பில் உள்ளது. கொண்டையராஜுவை 'நவீன கால மாஸ்டர்' என்ற தகுதியோடு உலகக் கல்வியாளர்களுக்கு அறிமுகம் செய்தது அந்தக் கட்டுரைதான். அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டேனியல் ஸ்மித் சேர்த்த இந்தியச் சாமி படங்கள் ஆயிரக்கணக்கில் பாதுகாக்கப்படுகின்றன. நம் ஊர்ப் பூசையறைப் படத்தை ஆய்வாளர்கள் அமெரிக்க நூலகத்தில் தேடவேண்டியிருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது

அச்சகத்துக்காக வரைந்த மூலப்படத்தின் ஆயுள் குறைவு. அச்சு முடிந்ததும் அதன் வேலை முடிந்துவிட்டதாகக் கருதுவார்கள். அலமாரியிலும் பரணிலும் கிடக்கும். கரையானும் மழைநீரும் பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் படம் செய்யத் தொடங்கிய பிறகு, பழைய படத்தை ஸ்கேன் செய்து, ஓவியர் கையெழுத்து இருந்த ஓரத்தை வெட்டி, நிறத்தைக் கூட்டி மறுபடி விடுகிறார்கள். முகம் பிழைக்கிறது, பெயர் அழிகிறது.

கோவில்பட்டியில் ஒரு நிரந்தரக் காட்சிக்கூடம் வேண்டும். பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு சுவரில் மூலப்படங்கள். இன்னொன்றில் கல் அச்சும் நிறப்பிரிப்பும் எப்படி நடந்தன என்ற விளக்கம். சிவகாசியிலிருந்து ஒரு பழைய அச்சுக்கல். நாடகத் திரை ஒன்று. தீப்பெட்டி ஒட்டுச்சீட்டுகளின் வரிசை. சீடர்களின் பெயர்ப் பட்டியல். கி.ரா.வுக்குக் கோவில்பட்டியில் நினைவரங்கம் அமைத்த அரசுக்கு இது எட்டாத காரியம் இல்லை. அச்சக உரிமையாளர்கள் தங்கள் பழைய ஆல்பங்களில் ஒரு பிரதியைக் கொடுத்தாலே பாதி வேலை முடியும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டில் பழைய காலண்டர்ப் படமோ சட்டம் போட்ட படமோ இருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் கீழ் ஓரத்தைப் பாருங்கள். ஓவியர் பெயர், அச்சகத்தின் பெயர், கடையின் பெயர், ஆண்டு என்று எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். கடைப் பெயர் இருக்கும் பகுதியை வெட்டாதீர்கள். காலத்தைக் கணிக்க அதுதான் சாட்சி. லேமினேஷன் வேண்டாம், அதன் சூடும் பசையும் பழைய தாளைக் கெடுக்கும். சுருட்டாமல், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் தட்டையாக வைத்தால் போதும். வைத்திருக்க இடம் இல்லையென்றால், தமிழ் அச்சு வரலாற்றைச் சேகரித்துவரும் சென்னைத் தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற அமைப்புகளை அணுகலாம். படம் யார் வீட்டில், எந்த ஊரில், எத்தனை வருஷம் தொங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்புறம் பென்சிலால் இரண்டு வரி எழுதி வையுங்கள். கொண்டையராஜுவையும் சுப்பையாவையும் ராமலிங்கத்தையும் பற்றி நாளை எழுதப்போகிறவருக்கு அந்த இரண்டு வரி உதவும்.